படத்துக்குக் கீழே இரண்டு வரி

நான் ஃபிளெக்ஸ் அடிப்பவன். மதுரையில் இதைச் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு நடப்பது எல்லாமே என்னைப் போன்ற ஒருவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் சுவருக்குப் போகிறது. படத்தை வெட்டி ஒட்ட எவனாலும் முடியும். படத்துக்குக் கீழே போடுகிற வரிதான் என் தொழில். "அண்ணே, வழக்கம்போல ரெண்டு வரி போட்டு விட்டுருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்திருப்பேன். செத்தவர் யார், என்ன செய்தார், எப்படிப்பட்டவர் என்று நான் கேட்பதே இல்லை. கேட்டால் நேரமாகும். தவிர, கேட்டு எழுதிய வரி அவ்வளவு நன்றாகவும் வருவதில்லை.

இதைப் பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வது பெருமைக்கு அல்ல. ஒரு குடும்பத்துக்கு நான் செய்த காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் இங்கேயிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

ஆனையூர்ப் பக்கம் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் ஓர் அறக்கட்டளை வேலை செய்துவந்தது. பிள்ளைகளுக்கு மாலையில் பாடம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியம், பாட்டு, நாடகம். போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளைக் கல்வியாலும் கலையாலும் மீட்டெடுப்போம் என்பது அவர்கள் வாசகம். அதைப் பேனரில் அடித்துக் கொடுத்தவன் நான்தான். பேனர் வாங்க வந்த அறக்கட்டளைத் தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். கோச்சடையில் இருக்கும் என் கடைச் சுவரில் இளவயதில் நான் வரைந்த படங்கள் இரண்டு மாட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒரு கலைஞர்னு தெரியாமப் போச்சே. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமே" என்றார். அதுவரை என்னைக் கலைஞர் என்று யாரும் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஒடுங்கிப்போன முகமும் பயந்த கண்ணுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்று கற்பனை செய்துகொண்டு போனேன். அவர்கள் எல்லோரும் இங்கே பிறந்தவர்கள். வீட்டுக்குள் அம்மாவிடம் இலங்கைப் பேச்சு, வெளியே வந்தால் என்னைவிடச் சுத்தமான மதுரைப் பேச்சு. போரை வரையுங்கள் என்று முதல் வாரம் சொன்னேன். ஒருவன் செல்போன் விளையாட்டில் வருகிற துப்பாக்கியை வரைந்தான். ஒருத்தி ஹெலிகாப்டர் வரைந்து, கீழே பூமாலையோடு கூட்டத்தையும் வரைந்து, மந்திரி வருகிறார் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தலைவருக்கு வரவில்லை. "ஆழ்மனசுல இருக்கு. நீங்கதான் வெளியே கொண்டுவரணும்" என்றார்.

அந்த வகுப்பில் பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றித்தான் இது. முகாம் ஆண்களில் நிறையப் பேருக்குக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. அவள் அப்பாவுக்கும் அதுதான். மற்றப் பிள்ளைகள் வண்ணத்துக்குப் பெயர் சொல்லும்போது சிவப்பு, நீலம் என்பார்கள். இவள் பெயின்ட் கம்பெனி ஷேடு கார்டைத் தட்டையாக மடித்துப் பையில் வைத்திருப்பாள். நீலத்திலேயே இருபது வகை அதில் இருக்கும். நான் கலந்து காட்டிய வண்ணத்தைக் கார்டோடு வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு சொட்டு கருப்பு கூடிருச்சு சார்" என்பாள். சரியாகத்தான் சொல்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவன் நானே. ஜூன் மாதத்துக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் டவுனில் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போவது என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய பெரியம்மா மகள் ஏற்கெனவே அங்கே நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக்கொண்டிருந்தாள். நின்று நின்று அவளுக்குக் காலில் நரம்பு சுருண்டுவிட்டது. "நான் அங்க போக மாட்டேன் சார். எதாச்சும் பண்ணி என்னைய அனுப்பி விடுங்க" என்று அந்தப் பெண் என்னிடம் ஒரு நாள் சொன்னாள். கெஞ்சவில்லை, அதட்டுகிற மாதிரி சொன்னாள். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

செய்வதற்கு ஒரே வழிதான் இருந்தது. அறக்கட்டளை வருடத்துக்கு ஒருமுறை டவுனில் மண்டபம் பிடித்துப் பிள்ளைகளின் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும். வசதியானவர்கள் வருவார்கள். மனசுக்குப் பிடித்த படத்தின் முன்னால் நின்று, அதை வரைந்த பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொள்வார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சின்ன அட்டை ஒன்று. அதில் இரண்டு வரி. அந்த வரிகளை எழுதுகிற பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்து சேர்ந்தது.

காட்சிக்கு அவள் கொண்டுவந்த படம் என்னைத் திகைக்க வைத்தது. முழுத் தாளும் நீலம். மேலே ஓரத்தில் இருந்து இரண்டு கயிறு இறங்கி வருகிறது. கயிற்றில் கட்டிய பலகையில் ஒரு மனிதன் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறான். செருப்பில்லாத கால்கள் தொங்குகின்றன. கீழே தரை இல்லை. உயரமான ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அவள் அப்பா நீல வண்ணம் அடித்ததைக் கீழே நின்று பார்த்து வரைந்திருக்கிறாள். அந்த முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கிற விதத்தை நான் இருபது வருடம் முயன்றாலும் வரைய முடியாது. எனக்கு வந்ததைப் பொறாமை என்று சொல்லலாம், பெருமை என்றும் சொல்லலாம்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல போர் எங்க இருக்கு? பெயின்ட் கம்பெனி விளம்பரம் மாதிரில்ல இருக்கு" என்றார்.

"அவளுக்குப் போர் தெரியாது சார். அவ அப்பாவைத் தெரியும், வரைஞ்சிருக்கா."

"வர்றவங்க எதைப் பாக்க வாராங்க? அதை யோசிங்க. இது வேணாம், வேற எதுனா வரையச் சொல்லுங்க."

வேறு வரைய நேரம் இல்லை. மறுநாள் காட்சி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தப் படம் மாட்டப்படும், இதுதான் முதலில் விலை போகும், பார் என்று மனசுக்குள் தலைவரிடம் சவால் விட்டுக்கொண்டே கடைக்கு வந்தேன்.

காட்சிக்கு யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல் என்னிடம் இருந்தது. அழைப்பிதழ் அடித்தவன் நான்தானே. அதில் கீழவாசல் பக்கம் பெரிய பாத்திரக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் பெயரும் இருந்தது. அவர் கணவர் இறந்து ஒரு வருடம் முடிந்தபோது ஊர் முழுக்க ஒட்டிய நினைவஞ்சலிச் சுவரொட்டி என் கைவேலை. "அண்ணாந்து பார்த்தால் அங்கேதான் இருக்கிறீர்கள். ஏணி ஒன்றுதான் எங்களுக்கு எட்டவில்லை" என்று எழுதியிருந்தேன். அந்த அம்மா கடைக்கே நேரில் வந்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அட்டையை எடுத்தேன். "போரில் தந்தையை இழந்த மகள் வரைந்த ஓவியம்" என்று முதல் வரி அடித்தேன். "அப்பா அங்கேதான் இருக்கிறார். ஏணி ஒன்றுதான் எட்டவில்லை" என்று இரண்டாவது வரி. அந்த ஆஸ்பத்திரிச் சுவர் அப்படியே வானமாகிவிட்டது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்ட வேலை. நெஞ்சு உறுத்தவில்லை. நன்றாக வந்திருக்கிறதே என்றுதான் நினைத்தேன். தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இது உண்மையா என்று அவரும் கேட்கவில்லை. பூங்கொத்துப் படம் ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் காலை மண்டபத்தில் அவள் அட்டையைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு நகத்தால் ஓரத்தைப் பிடித்து உரிக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்க அப்பா வாரார் சார் இன்னைக்கு. வேலைக்கு லீவு போட்டுட்டு வாரார்."

"வரட்டும். வந்து பின்னால நிக்கட்டும். உனக்குக் காலேஜுக்குப் போகணுமா, சேலை விரிக்கப் போகணுமா?"

அவள் கையை எடுத்துவிட்டாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்காமல் இருந்திருந்தால் அவள் அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பாள். அதையும் தெரிந்துதான் கேட்டேன்.

அவள் அப்பா வந்தபோது தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் பெயின்ட் போகாமல் இருந்தது. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து, தன் முதுகைத் தானே பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். குனிந்து அட்டையைப் படித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. திரும்பி என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் பாத்திரக்கடை அம்மா வந்துவிட்டார்.

அவர் அந்த இரண்டு வரியைப் படித்ததும் அழுதுவிட்டார். சத்தம் போட்டு அழவில்லை. படத்தில் தொங்குகிற அந்தக் கால்களைத் தொடப்போவது போலக் கையை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டார். அப்புறம் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார். "அப்பா மொகம் ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

அவள் அப்பா மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். வாய் அசைந்தது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

"இவவின்ர தகப்பன் நல்ல மனுசன் அம்மா" என்றார் அவள் அப்பா. "கெட்டிக்காரன். நான் இவையளுக்குப் பக்கத்து வீடு."

அந்த அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் கும்பிட்டார். அன்றைக்கே அவள் படிப்பை அந்த அம்மா ஏற்றுக்கொண்டார். தலைவர் என் தோளைத் தட்டினார். நான் மண்டப வாசலில் போய் நின்று சிகரெட் பிடித்தேன். எனக்கு அப்போது இருந்தது குற்றவுணர்ச்சி என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்புதான் இருந்தது.

அதோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த அம்மா நல்லவர். நல்லவர்கள் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. பத்து நாள் கழித்து போன் செய்தார். "தம்பி, அந்தப் பிள்ளையோட அம்மாவைப் பாக்கணும். நானும் அவளும் ஒரே கதிதானே. வெள்ளிக்கிழமை வாரேன், வீட்டுல சொல்லி வைங்க" என்றார்.

வியாழக்கிழமை முகாமுக்குப் போனேன். ஒரே அறைதான் வீடு. வெளிச்சுவரில் மூங்கில் ஏணி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. உள்ளே அவள் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். அப்பா வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். நான் வந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். நாளைக்கு அந்த அம்மா வருகிறபோது இவர் வீட்டில் இருக்கக் கூடாது. அதற்கு அவர் சரி என்று உடனே தலையாட்டினார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மாவின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சட்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கோ சேர். உங்கட வாயால சொல்லுங்கோ."

"ஒரு மணி நேரந்தானம்மா" என்றேன்.

"இவரோட கூடப் பிறந்த ரெண்டு பேர் ஷெல்லில போனவை. என்ர அம்மா போனவ. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வாறீங்களே, ஒரு நாள் கேட்டனீங்களா? செத்த ஆக்கள் எங்களிட்ட நிறையப் பேர் இருக்கினம் சேர். ஆரை வேணுமெண்டாலும் எடுத்து எழுதியிருக்கலாம். உயிரோட மிஞ்சினவர் இவர் ஒராள்தான். அவர்தானா உங்களுக்கு வேண்டியிருந்தது?"

நான் பதிலே சொல்லாமல் வந்திருக்கலாம். என் சுபாவம் விடவில்லை. யாராவது என் வேலையில் குறை சொன்னால் எனக்கு அப்படித்தான் சுள்ளென்று வரும். "அப்ப சரி. நாளைக்கு அந்தம்மாட்ட எல்லாம் பொய்னு சொல்லிருவோம். பிள்ளைக்கு யாரு பீஸ் கட்டுவான்னும் நீங்களே சொல்லிருங்க" என்றேன்.

அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பதினேழு வயதில் ஒருத்திக்கு முன்னால் இரண்டு கதவு இருந்து, ஒரு கதவுக்குப் பின்னால் காலில் நரம்பு சுருண்ட அக்கா நிற்கும்போது அவள் என்ன சொல்வாள்? அவளை நான் குறை சொல்லவே மாட்டேன்.

கடைசியில் அவள் அப்பாதான் பேசினார். "ஒரு மணித்தியாலம்தானேப்பா. வாறவ போன பிறகு பொட்டு வைக்கலாம்" என்று மனைவியிடம் சொன்னார். கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை என்பதால் முகாமில் எல்லாப் பெண்களும் தலைக்குக் குளித்து, பொட்டும் பூவுமாக இருந்தார்கள். இந்த வீட்டு வாசலில் மட்டும் அந்தப் பெண்ணின் அம்மா வெறும் நெற்றியோடு நின்றார். பொட்டு வைத்த இடம் மட்டும் மற்ற நெற்றியைவிட வெளுத்திருந்தது. கயிற்றை ரவிக்கைக்குள் திணித்து, முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் சொல்லி வைக்கப்பட்டிருந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காக அவர்கள் காலில் விழலாம். விழவில்லை, கார் கதவைத் திறந்துவிட்டேன்.

பாத்திரக்கடை அம்மா வந்ததும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்மா, எனக்குத் தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெண்ணின் அம்மா கட்டை மாதிரி நின்றார். கண்ணீர் மட்டும் வந்தது. வந்தவர் அதைப் புருஷனை நினைத்து அழுவதாக எடுத்துக்கொண்டார். ஒரு விதத்தில் அது சரிதான்.

"அவர் போட்டோ ஒண்ணு இல்லையா?"

"படகில வரேக்க ஒண்டும் கொண்டு வரேல்ல" என்று அந்தப் பெண் சொன்னாள். தடுமாற்றமே இல்லாமல், அம்மாவின் பேச்சில் சொன்னாள். படகு வந்தபோது அவள் பிறக்கவே இல்லை. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

வந்தவர் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தார். சாம்பல் நிறம், கரையில்லாதது. "நானும் இப்ப இதுதேன் கட்டுறது. உடம்புக்குச் சுகமா இருக்கும்" என்றார். பெண்ணின் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது வெளியே ஏணியைப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரருடையது என்றேன். சந்து முனையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரை அடையாளம் கண்டு இந்த அம்மா தலையசைத்தார். அவரும் அசைத்தார். காரில் ஏறியதும் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அந்தாளு மண்டபத்துக்கும் வந்தாரு, இங்கயும் நிக்கிறாரு. ஏணி வேற இவுங்க வீட்டுச் செவுத்துல. ஆம்பள இல்லாத வீடு, வயசுப் பிள்ள வேற. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ஆஸ்டல்ல பிள்ளையப் பாக்க யாரெல்லாம் வரலாம்னு எழுதிக் குடுக்குறப்ப அம்மா பேரு, உங்க பேரு, அம்புட்டுத்தேன் போடணும். அந்தாளு பேரு வேணாம். சரியா?"

"சரிங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர்தானே அப்பா என்றா?

அந்தச் செய்தியைச் சொல்ல மறுபடி போனபோது அந்தப் பெண் என்னைச் சந்து முனையிலேயே மறித்துக்கொண்டாள். சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்க அம்மாவுக்கும் ரெண்டு வரி ரெடியா இருக்கா சார்? இல்ல அப்புறமாத்தான் எழுதுவீங்களா?" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நன்றி கெட்டவள் என்று திட்டினேன். உனக்காகத்தானே இவ்வளவும் என்று கத்தினேன். அவள் நின்று முழுவதையும் கேட்டாள். "ஆமா சார், எனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வேண்டியதைத் தவிர வேறு பேசியதில்லை.

கோயம்புத்தூர் கல்லூரிப் படிவத்தில் காப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. முதல் தீபாவளிக்கு முன்னால் அவளைப் பார்க்கப் போனேன். அவள் அப்பா கொடுத்தனுப்பச் சில பொருட்கள் இருக்கின்றன என்றார். பேருந்து நிலையத்துக்குப் போனால் பையைக் கொடுக்காமல் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டார். "நான் உள்ள வரேல்ல சேர். ரோட்டில நிக்கிறன்" என்றார். ஆறு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். போரைப் பற்றி, அண்ணன் தம்பிகளைப் பற்றி அன்றைக்காவது கேட்டிருக்கலாம். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

விடுதி வாசலுக்கு எதிரே டீக்கடை. அங்கே ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். நான் கேட்டுக்குள் போனேன். விடுதி வார்டன் அவளைக் கூட்டிவந்து பக்கத்திலேயே நின்றுகொண்டார். பையைப் பிரித்துப் பார்த்தார். எள்ளுருண்டை, ஒரு சுடிதார், புது ஷேடு கார்டு ஒன்று. அவள் கார்டை விரித்துப் பார்த்தாள். தலை நிமிர்ந்து என் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "யாரும்மா அங்க?" என்று வார்டன் திரும்பினார். "யாரும் இல்ல மேடம்" என்றாள்.

நான் வெளியே வந்தபோது அவர் டீயைக் குடித்திருக்கவே இல்லை. "மெலிஞ்சிட்டா" என்றார். ஊர் வந்து சேரும்வரை அது ஒன்றுதான் சொன்னார்.

இந்த வருடம் உதவியைப் புதுப்பிக்கிற படிவம் வந்தது. தாயின் கையெழுத்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கொண்டுபோனேன். வகுப்பு எடுப்பதை நான் நிறுத்தி நாளாயிற்று. இருந்தாலும் இந்த வேலையை மட்டும் வேறு யாரிடமும் விட முடியாது. வீட்டில் அவள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை.

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "அண்டைக்குச் சொல்லாம வந்தவ சேர், அந்த அம்மா. கோயிலுக்கு வந்தவவாம், அப்பிடியே எட்டிப் பாக்க வந்திட்டா. நல்ல காலம், முகம் கழுவிக்கொண்டு நிண்டனான். எந்த நேரம் ஆர் வருவினமெண்டு தெரியாது. பிள்ளை படிச்சு முடியட்டும் எண்டு விட்டுட்டன்" என்றார். குழம்புச் சட்டியை மூடி வைத்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. படிவத்தை நீட்டினேன். தந்தை பெயர் என்ற இடத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன். கடையில் உட்கார்ந்து மூன்று முறை பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. ஆயிரம் பேருக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதிய கை. அம்மா கையெழுத்தைப் போட்டுவிட்டு, "இதில ஒண்டு எழுதாமக் கிடக்கு" என்றார்.

"தாங்கோ" என்றார் அவள் அப்பா. சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்கினார். பெயின்ட் வேலை இல்லாத நாட்களில் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதுகிறவர் அவர். படிவத்தைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, தன் பெயரை நிதானமாக எழுதினார். எழுதி முடித்து அதன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, லேட் என்று எழுதினார். மை காய ஊதினார். "சரியோ சேர்?" என்று கேட்டுக்கொண்டே என்னிடம் நீட்டினார்.

சரி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை அறக்கட்டளையில் கொடுத்தேன். இந்த வருடப் பணமும் கட்டியாகிவிட்டது.